ஆற்றுக்கு எந்தத் தொகுதி? பசுமைக் கட்சிகள் பற்றி ஓசூரிலிருந்து ஒரு விமர்சனம்

தமிழ்நாட்டில் பசுமைக் கட்சி என்று ஒன்று ஏன் எடுபடவில்லை என யார் கேட்டாலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது ஒன்று. காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறிப் பதில்கள் என்பது என் கட்சி. ஓசூரில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். இங்கே விழிப்புணர்வுக்குப் பஞ்சமே கிடையாது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் ஆற்றில் நுரை மலை மாதிரி எழும்பி நிற்கும். அதைப் பார்க்க யாருக்கும் பட்டறிவோ பட்டமோ வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். அப்படியிருந்தும் அந்த நுரை இதுவரை ஒரு தேர்தலையும் தீர்மானித்ததில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

பசுமை அரசியலைத் தேர்தலுக்குக் கொண்டுபோன முயற்சிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அவற்றில் மிக நேர்மையானது கூடங்குளத்திலிருந்து வந்தது. 2011-ல் இடிந்தகரையில் பந்தல் போட்டு உட்கார்ந்த மக்கள், 2012 செப்டம்பர் போலீஸ் நடவடிக்கைக்குப் பிறகும், 2013 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் கலையவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்த சுப. உதயகுமாரன் 2014 நாடாளுமன்றத் தேர்தலில் ஆம் ஆத்மி வேட்பாளராகக் கன்னியாகுமரியில் நின்றார். அவரோடு புஷ்பராயன் தூத்துக்குடியிலும், ஜேசுராஜ் திருநெல்வேலியிலும் நின்றார்கள். மூன்று பேருக்கும் டெபாசிட் போனது. அணுசக்தி பற்றி ஆம் ஆத்மி வாயைத் திறந்து ஒரு நிலைப்பாடு சொல்லாததால் அதே ஆண்டு உதயகுமாரன் வெளியேறினார். பிறகு 'பச்சைத் தமிழகம்' கட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் நின்றார். அணு உலை இருக்கும் தொகுதியே அதுதான். அந்தத் தேர்தலை இன்று எல்லோரும் நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக: அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் தோற்கடித்தார், வழக்கு வருஷக்கணக்கில் ஓடியது. இரண்டு பெரிய கட்சிகளும் அவ்வளவு நெருக்கமாக மோதிய இடத்தில், நாடே பேசிய ஒரு போராட்டத்தின் தலைவர் போட்டியில் இருந்தார் என்பதே பலருக்குத் தெரியாது.

இதை உதயகுமாரனின் தோல்வி என்று நான் படிக்கவில்லை. போராட்டப் பந்தலில் உட்கார்ந்த அதே ஆள் ஓட்டுச்சாவடியில் வேறு கணக்குப் போடுகிறார். ரேஷன், பட்டா, மகனுக்கு வேலை, ஊர்ப் பிரச்சினை என்றால் தாலுகா ஆபீசில் யார் பேச்சு எடுபடும் - இதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. உலையை நிறுத்த ஒரு எம்.எல்.ஏ.வால் முடியாது என்று அவருக்குத் தெரியும். முடியாத வேலைக்கு ஒருவரை அனுப்புவதைவிட, முடிகிற வேலைக்கு ஒருவரை அனுப்பலாம் என்று நினைப்பதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சுற்றுச்சூழல் பேசும் கட்சி என்றால் முதலில் பா.ம.க. அதன் பசுமைத் தாயகம் அமைப்பு முப்பது வருஷமாக இயங்குகிறது. உண்மையைச் சொன்னால், ஆவணம் தயாரிப்பதில் தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் அவர்கள் பக்கத்தில் வர முடியாது. வேளாண்மைக்குத் தனி நிழல் நிதிநிலை அறிக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். நான் படித்திருக்கிறேன், பல அரசாங்க அறிக்கைகளைவிட நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கட்சிக்கு விழும் ஓட்டு இந்த ஆவணத்துக்காக விழுவதில்லை, விழாத ஓட்டும் இதற்காக விழாமல் இல்லை. 2024-ல் பசுமைத் தாயகத்தின் தலைவர் சௌமியா அன்புமணியே தருமபுரியில் நின்றார். காவிரி உபரிநீரை மாவட்டத்துக்குக் கொண்டுவரும் திட்டம் பிரசாரத்தில் முக்கியமாகப் பேசப்பட்டது. சுமார் இருபத்தோராயிரம் ஓட்டில் தோற்றார். அந்தத் தேர்தலை அலசிய எல்லோரும் சாதிக் கணக்கையும் கூட்டணிக் கணக்கையும்தான் அலசினார்கள். தண்ணீர்க் கணக்கை யாரும் தொடவில்லை. கட்சியின் அடித்தளம் ஒரு சமூகமாகவும், அதன் கொள்கை எல்லோருக்குமான ஆறாகவும் இருக்கும்போது, அடுத்த சமூகத்து விவசாயி அந்த அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அறிக்கை எழுதியவர்களுக்கு இது நியாயமில்லைதான்.

நாம் தமிழர் கட்சிக்குச் சுற்றுச்சூழல் பாசறை என்றே தனிப் பிரிவு உண்டு. மலை, மணல், நீர் என்று மேடையில் அதிகம் பேசுவதும் அவர்கள்தான். 2024-ல் மாநிலம் முழுக்க எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கினார்கள், ஒரு இடம் கிடையாது. கிருஷ்ணகிரியில் அவர்கள் நிறுத்தியது வீரப்பனின் மகள் வித்யா ராணியை. ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு. ஆனால் அவர்களிடம் எனக்குள்ள விமர்சனம் எண்ணிக்கை பற்றியதல்ல, மொழி பற்றியது. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர், சூளகிரி - இந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களில் பெரும்பகுதி வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். 'தமிழர் நிலம், தமிழர் வளம்' என்று நிலத்தைக் காப்பாற்ற வருகிறவரிடம், அந்த நிலத்தில் ராகி போட்டு ராத்திரியெல்லாம் யானைக்குக் காவல் கிடப்பவர் தன்னை எங்கே வைத்துக்கொள்வார்? சானமாவு காட்டில் யானைக்கூட்டம் முகாம் போட்டால் தகரம் தட்டும் பரணில் தமிழைவிடத் தெலுங்குதான் அதிகம் கேட்கும். 'பச்சைத் தமிழகம்' என்ற பெயருக்கும் இந்த எல்லையில் அதே சிக்கல். பசுமையோடு இனத்தைச் சேர்த்தால் நெல்லையிலோ நாகையிலோ ஒருவேளை வலு சேரலாம். இங்கே அது பாதி ஊரைக் கழித்துவிடுகிறது.

இந்த இடத்தில் வழக்கமாக ஜெர்மனியை இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. ஜெர்மன் பசுமைக் கட்சி 1980 ஜனவரியில் தொடங்கி, 1983-ல் 5.6 சதவீதம் ஓட்டு வாங்கி, 27 பேரோடு நாடாளுமன்றத்துக்குள் போய்விட்டது. அங்கே விகிதாசார முறை. நம்மைப் போல முதலில் வருபவருக்கே எல்லாம் என்ற முறை இருக்கும் பிரிட்டனில், 1973-ல் தொடங்கிய கட்சிக்கு முதல் எம்.பி. கிடைத்தது 2010-ல். முப்பத்தேழு வருஷம். அந்த முப்பத்தேழு வருஷமும் அவர்கள் பெரும்பாலும் ஊர் கவுன்சில்களில்தான் வேலை பார்த்தார்கள். ஆகவே, 'எட்டு சதவீதம் வாங்கியும் இடமில்லையே' என்று வருத்தப்படுவதை நிறுத்திவிட்டு, கீழே இருக்கும் உள்ளாட்சியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அங்கேதான் கதை சுவாரசியமாகிறது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சி சார்பற்றது. கட்சிச் சின்னமே கிடையாது, பூட்டு சாவி, ஆட்டோ என்று ஏதோ ஒன்று. ஒன்றியக் கவுன்சிலரில்தான் கட்சி ஆரம்பிக்கிறது. அதாவது ஏரியும் புறம்போக்கும் குடிநீர்க் கிணறும் யார் கையில் இருக்கிறதோ, அந்தப் படியில் பசுமைக் கட்சி என்பது சட்டப்படி இருக்கவே முடியாது! இதை நம் பசுமைக் கட்சிக்காரர்கள் யாரும் ஒரு வாய்ப்பாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. கட்சியே வேண்டாத இடத்தில், பெரிய கட்சிகளின் இயந்திரம் பாதி வலுவோடுதான் ஓடும்.

கேரளத்துப் பிளாச்சிமடையை எடுத்துக்கொள்ளுங்கள். கோகோ கோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அந்தப் பஞ்சாயத்தை நடத்தியது பசுமைக் கட்சி அல்ல, ஜனதா தளம். உரிமம் கொடுக்கும் பேனா பஞ்சாயத்தின் கையில் இருந்தது, அதுதான் விஷயம். இதற்கு எதிர்ப்பக்கமும் அதே கேரளத்தில் உண்டு. கிழக்கம்பலத்தில் கிட்டெக்ஸ் நிறுவனத்தின் ஆதரவோடு உருவான 'ட்வென்டி20' 2015-ல் 19 வார்டில் 17-ஐப் பிடித்தது. ஊராட்சிக்கு அதிகாரம் இருந்தால் ஊரும் அதைப் பிடிக்கலாம், ஆலையும் பிடிக்கலாம். தொழிற்பேட்டை ஊர்க்காரனாக இந்த இரண்டாவது கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நம் ஊரில் பேனா எங்கே இருக்கிறது? 2013 மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு, ஊராட்சியோடு கலந்தாலோசனை எல்லாம் இருக்கிறது. ஆனால் சிப்காட் நிலம் எடுப்பது 1997-ல் வந்த தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ். அதில் அந்த ஆய்வு இல்லை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. சில நாட்களிலேயே சட்டமன்றம் ஒரு மறு உயிர்ப்புச் சட்டம் போட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. நிறைவேற்றியது அ.தி.மு.க. அரசு, பயன்படுத்தியது தி.மு.க. அரசு. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கழகத்துக்கும் சண்டையே இல்லை. அதோடு, அனுமதி பெற்ற தொழிற்பூங்காவுக்குள் வரும் ஆலைகளுக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தனிப் பொதுக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. ஆக, நிலம் எடுக்கும்போதும் ஊரைக் கேட்க வேண்டாம், ஆலை வரும்போதும் கேட்க வேண்டாம்.

உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். செய்யாறு பக்கம் மேல்மாவில் அதே ஆண்டு உட்கார்ந்தவர்கள் மேல் குண்டர் சட்டமே பாய்ந்தது, கண்டனம் எழுந்த பிறகு பின்வாங்கினார்கள். பரந்தூரில் கிராம சபைத் தீர்மானம் திரும்பத் திரும்ப நிறைவேறியது. ஆனால் மதுரை அரிட்டாபட்டியில் பாருங்கள்: டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம், டிசம்பர் 9 சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. மூன்று மாதம்கூட ஆகவில்லை. அரிட்டாபட்டிக்காரர்களின் உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஏலம் விட்டது ஒன்றிய அரசு, அதனால் மாநிலத்தில் எல்லாக் கட்சியும் ஒரே பக்கம் நிற்க முடிந்தது. உத்தனப்பள்ளியில் நிலம் கேட்பது மாநில அரசு. அரிட்டாபட்டியில் கிராம சபைக்கு மரியாதை, உத்தனப்பள்ளியில் அதே கிராம சபை வளர்ச்சிக்குத் தடை. பசுமைக் கட்சி ஒன்று தமிழ்நாட்டுக்குத் தேவை என்றால் அது அரிட்டாபட்டிக்காக அல்ல. எல்லோரும் கைவிடும் இரண்டாவது வகை ஊர்களுக்காகத்தான் தேவை. அந்த ஊர்களில்தான் நம் பசுமைக் கட்சிகளுக்கு ஆள் கிடையாது.

ஏன் ஆள் இல்லை என்பதற்கு என் மாமனார் வீட்டிலேயே பதில் இருக்கிறது. சூளகிரி பக்கம் ஊர். தக்காளி போட்டு ராயக்கோட்டை மண்டிக்கு ஏற்றுவார், கொஞ்சம் ரோஜா. நில எடுப்பு என்ற பேச்சு வந்தாலே அவருக்குச் சோறு இறங்காது. மச்சினன் ஒரு பெரிய ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவனுக்கு அடுத்த ஆலை வந்தால்தான் நிரந்தர வேலை என்ற கனவு. "மாமா, தக்காளி கிலோ மூணு ரூபாய்க்கு வித்தப்ப உங்க பசுமைக்காரங்க யாராவது வந்தாங்களா?" என்று என்னைக் கேட்டான். அவன் கேட்டதற்கு நான் படித்த எந்தத் தேர்தல் அறிக்கையிலும் பதில் இல்லை. 'சிப்காட் வேண்டாம்' என்பது அப்பனுக்கான அரசியல். 'சிப்காட் வரட்டும்' என்பது பையனுக்கான அரசியல், அதைச் சொல்லப் பெரிய கட்சிகள் இருக்கின்றன. ஆலைக்குள் இருப்பவனின் ஒப்பந்தக்கூலிப் பிரச்சினையையும், ஆலைக்கு வெளியே இருப்பவரின் போர்வெல் பிரச்சினையையும் ஒரே வாக்கியத்தில் பேசும் கட்சியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஆறு. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரமாக வந்து, கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர் ஏரி நிரம்பி வர்த்தூர், வர்த்தூர் நிரம்பி ஆறு, பிறகு எங்கள் கெலவரப்பள்ளி. அணையின் மொத்த மட்டம் 44.28 அடி என்று நாளிதழில் தினமும் வரும், அதில் தண்ணீர் எவ்வளவு, சோப்பு எவ்வளவு என்று போடமாட்டார்கள். சுமார் 8,000 ஏக்கர் பாசனம் அதை நம்பியிருக்கிறது. பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் தீப்பிடித்தபோது உலகமே படம் எடுத்தது. என் அலுவலகம் அந்த ஏரிக்குப் பக்கத்துச் சாலையில்தான். அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகும் ஓசூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். பகலில் அங்கே ஃபிளஷ் செய்கிறோம், அது வீட்டுக்கு நம்மைவிடத் தாமதமாகத்தான் வந்து சேருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஓசூரும் ஒன்றும் சுத்தமில்லை. 2019-ல் மாநகராட்சி ஆன ஊருக்கு முழுப் பாதாளச் சாக்கடை இன்னும் வந்தபாடில்லை, நம் பங்கும் ஏரிகள் வழியாக ஆற்றில்தான் சேருகிறது.

ஓசூரில் ஒரு பசுமைக் கட்சி 45 வார்டையும் வென்றாலும் பெல்லந்தூர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஒரு மோட்டாரைக்கூடத் தொட முடியாது. அங்கே ஓட்டு ஆனேக்கல், மகாதேவபுரா தொகுதிகளில் இருக்கிறது. சென்னை அரசியலுக்கு இது கர்நாடகத்தைத் திட்ட ஒரு காரணம். மார்க்கண்டேய நதியில் யார்கோள் அணை பற்றி 2018-ல் உச்ச நீதிமன்றம் போனோம், 2019 நவம்பரில் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னார்கள், அணை எழுந்துவிட்டது. அளவுக்கான சண்டையில் இரண்டு மாநிலக் கட்சிகளும் வீரம் காட்டலாம். தரத்துக்கான சண்டையில் காட்ட முடியாது, ஏனென்றால் அதில் ஜெயிக்க அந்தப் பக்கத்து ஆள் நம்மோடு நிற்க வேண்டும்.

ஜெர்மனியை நான் இழுத்த காரணம் இதுதான். பசுமைக் கட்சியின் வேரைத் தேடுபவர்கள் எல்லோரும் 1975-ல் ரைன் நதிக்கரை வீல் கிராமத்துக்குப் போவார்கள். திராட்சை விவசாயிகள் அணு உலைக்கான இடத்தை ஆக்கிரமித்து உட்கார்ந்தது அங்கேதான். அதற்குச் சில மாதம் முன்னால் ஆற்றின் எதிர்க்கரையில், பிரான்சின் மார்க்கோல்சைமில் ஒரு ஈய ஆலை வருவதாக இருந்தது. ஜெர்மன்காரர்கள் எல்லை தாண்டிப் போய் பிரெஞ்சு விவசாயிகளோடு அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். ஆலை வரவில்லை. வீலில் உட்கார்ந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். இரண்டு உலகப் போரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட கரைகள் அவை! இரு பக்கமும் வீட்டில் பேசிய அலெமானிக் வட்டார மொழி அவர்களைச் சேர்த்தது. கட்சி வந்தது ஐந்து வருஷம் கழித்து.

ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் நடுவில் அப்படி ஒரு மொழி ஏற்கெனவே இருக்கிறது. நாகமங்கலத்துத் தெலுங்குப் பாட்டியின் மகளை அத்திப்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருப்பார்கள். கன்னடம் பேசும் தளிக்காரருக்கு ஆனேக்கல் சந்தை சொந்த ஊர் மாதிரி. கட்சிகள் பலவீனம் என்று கருதும் இந்தக் கலப்பை வைத்து ஆற்றுக்காக யாராவது இரு கரையிலும் கூட்டம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தால், பூ வியாபாரிகள் போட்டிருக்கிறார்கள், லாரிக்காரர்கள் போட்டிருக்கிறார்கள். பசுமைக் கட்சிகள் போட்டதாக எனக்குத் தெரிந்து இல்லை.

"சரி, நாங்க என்ன பண்றது?" என்று கேட்டு எழுதும் நண்பர்களுக்கு, கட்சியில் சேருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிராமத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் 2019-ல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் நிர்வாகம் வந்தது. கேள்வி கேட்கலாம், பதில் சொல்ல ஓட்டுக்குப் பயப்படும் ஆள் எதிரே இல்லாமல் போனது. நகரத்தில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை இருக்கிறது. வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலரேதான். நான் போன கூட்டத்தில் தெருவிளக்கும் நாய்த்தொல்லையும் முடிந்து ஏரிக்கு வரும்போது பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மீதி இருந்த எட்டுப் பேரில் இரண்டு பேர், ஏரிக்குள் எந்தத் தெருச் சாக்கடை எங்கே விழுகிறது என்று வீட்டுக் கதவு எண்ணோடு சொன்னார்கள். அந்தத் தகவல் எந்தப் பொறியாளர் வரைபடத்திலும் இல்லை.

இன்னொன்று, பெரிய ஆலைகளும் தொழிற்பேட்டைகளும் சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும், அது பொது ஆவணம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் எவ்வளவு கழிவுநீர், எங்கே விட வேண்டும் என்று லிட்டர் கணக்கில் இருக்கும். வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஓசூரிலேயே இருக்கிறது. தகவல் உரிமை மனு போட்டு வாங்கலாம். மச்சினன் மாதிரி உள்ளே வேலை செய்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்த நிமிஷமே சிரிப்பார்களா, தலையாட்டுவார்களா என்று பார்க்க எனக்கு ஆசை. ஓசூர், தளி, வேப்பனஹள்ளி மூன்று தொகுதி வேட்பாளர்களிடமும் கேட்க ஒரே ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்: 'ஆனேக்கல் எம்.எல்.ஏ.வோடு இந்த ஆற்றைப் பற்றி எப்போது பேசப் போகிறீர்கள்?' அதையே கன்னடத்தில் எழுதி அந்தப் பக்கத்துக்கும் அனுப்ப வேண்டும். என் கன்னடம் ஆட்டோக்காரரோடு பேரம் பேசுகிற அளவுதான், நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.